திருகாணி வியாபாரியும் நகரசபைக் கணக்கும்

நகரசபையின் நிர்வாகம் சீர்கெட்டுவிட்டதென்று ஜனங்கள் மனம் வெறுக்கும் காலங்களிலெல்லாம், பெரிய தொழில் ஒன்றை நடத்திச் செலவைக் குறைத்து லாபத்தைப் பெருக்கிக் காட்டிய ஒரு சமர்த்தரைக் கூட்டிவந்து மேயர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானே நேராகிவிடும் என்ற ஆசை தலைதூக்குவது உலக வழக்கம். அந்த ஆசையை வெறும் பேதைமை என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. பிறர் பணத்தைக் கணக்கில்லாமல் வாரியிறைக்கும் அங்கத்தினர்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, சொந்தப் பணத்தைக் காசு காசாக எண்ணிப் பழகிய ஒருவரிடம் நம்பிக்கை பிறப்பது இயல்பே. ஆனால் அப்படி வருகிறவர் எதைச் செலவு என்று எண்ணுகிறார், அவருடைய பேரேட்டில் எந்தப் பற்றுகள் ஏறுகின்றன, எவை ஏறாமலே போகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அந்த நம்பிக்கை பலிப்பதும் பொய்ப்பதும் இருக்கிறது. இதை ஆராய விரும்புகிறவர்களுக்கு இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் நகரத்தின் சரித்திரம் ஒன்றே போதும். ஏனெனில் கணக்குப் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த இரண்டு வியாபாரிகள், ஒருவருக்கொருவர் முற்றிலும் நேர்மாறான வழிகளில், இருபது வருஷ இடைவெளிக்குள் அந்த நகரத்தை ஆட்டிவைத்திருக்கிறார்கள்.

முதலாமவர் ஜோசப் ஆல்டே. 1838-ல் நகரசபை அந்தஸ்துப் பெற்ற பர்மிங்காமில், தெருக்களையும் சாக்கடைகளையும் கவனித்துவந்த பழைய தெருக் கமிஷனர்களின் அதிகாரம் 1851-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் முழுவதும் நகரசபையின் கைக்கு வந்து சேர்ந்தது. அதிகாரத்தோடு செலவும் வந்தது. செலவைத் தொடர்ந்து வரியும் ஏறிற்று. வரி ஏறும்போது முதலில் நெஞ்சு பதைப்பவர்கள் பெரும் தனவந்தர்களுமல்லர், பரம ஏழைகளுமல்லர். ஒரு கடையும் வாடகைக்கு விட்ட இரண்டு மூன்று சின்ன வீடுகளும் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை இரவு கல்லாப்பெட்டியைக் கவிழ்த்து ஷில்லிங்குகளை அடுக்கிப் பார்க்கும் சில்லறை வியாபாரிகளே அவர்கள். ஆல்டே அவர்களுடைய தளபதி. ஈஸி ரோ என்ற தெருவில் 'உட்மன்' என்று ஒரு மதுக்கடை இருந்தது. நகரசபைக் கூட்டத்தில் மறுநாள் எந்தத் தீர்மானம் நிறைவேறவேண்டும், எது தோற்கவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கடையின் மேஜையைச் சுற்றி, புகையிலைப் புகைக்கும் பீர்க் கிண்ணங்களுக்கும் நடுவே முன்கூட்டியே முடிவாகிவிடும் என்று அந்நகரத்தின் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். தங்களைச் 'சிக்கனக் கட்சியார்' என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள்.

ஆல்டேயை வெறும் கஞ்சர் என்று கேலி செய்வது எளிது; நியாயமல்ல. பர்மிங்காம் சிறைச்சாலையில் கைதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை, 1853-ல் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அங்கே தூக்குப் போட்டுக்கொண்டு இறந்ததையடுத்து, அம்பலத்துக்குக் கொண்டுவந்து விசாரணைக் கமிஷன் ஏற்படும் வரையில் விடாமல் போராடியவர்களில் அவர் முக்கியமானவர். பதவியிலிருப்போரைக் கண்டு அஞ்சாத சுபாவமும், எளியவனுக்காகக் குரல் கொடுக்கும் ஆவேசமும் அவரிடம் இருந்தன. அத்தகைய மனிதர் நகரத்தின் பணப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றபோது, பெட்டிக்குள் இருப்பது குறையக் கூடாது என்ற ஒன்றைத் தவிர வேறொன்றும் அவர் கண்ணுக்குத் தெரியாமற்போயிற்று என்பதுதான் விசித்திரம்.

சிக்கனக் கட்சியார் செய்த காரியங்களில் மிகவும் பேர்போனது, நகரத்தின் சர்வேயராக இருந்த பிகாட் ஸ்மித் என்ற அனுபவசாலியை 1857-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேறொருவரை அமர்த்திக்கொண்டதாகும். சம்பளப் பட்டியலில் மிச்சம் தெரிந்தது. கடையில் கரகோஷம் எழுந்தது. தெருக்கள் போடும் வேலை சுருங்கிற்று, சாக்கடை வேலை மந்தகதியடைந்தது. ஆனால் சாக்கடை நீர் நகரசபையின் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிற வஸ்துவல்லவே. அது டேம் நதியில் போய் விழுந்து, நதியோரத்தில் நிலம் வைத்திருந்த சார்ல்ஸ் ஆடர்லி என்ற பிரபுவின் மூக்கை எட்டிற்று. ஏழைகளின் மூக்கை எட்டியவரையில் சும்மா இருந்த நியாயஸ்தலம் பிரபுவின் வழக்கில் விழித்துக்கொண்டு, நதியை அசுத்தப்படுத்தக் கூடாதென்று 1858-ல் நகரசபைக்குத் தடையுத்தரவு பிறப்பித்தது. அதற்குப் பின்பு வருஷக்கணக்காக வக்கீல்களுக்கும், கழிவுநீரைச் சுத்தி செய்யும் பரீட்சைகளுக்கும், அவை பலிக்காதபோது வேறு பரீட்சைகளுக்குமாகப் பணம் செலவாகிக்கொண்டே இருந்தது. ஒரு சர்வேயரின் சம்பளத்தில் பிடித்த மிச்சம் இதில் எத்தனை நாளைக்குக் காணும் என்பதை உட்மன் கடையில் யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

நகரத்தின் உட்பகுதி எப்படி இருந்தது என்பதையும் சற்று நின்று பார்க்கவேண்டும். ஒரே சுவரை முதுகோடு முதுகாகப் பங்கிட்டுக்கொண்டு, பின்பக்கத்தில் ஜன்னலோ வாசலோ இல்லாமல், ஒரு வரிசை தெருவையும் மற்றொரு வரிசை உள்முற்றத்தையும் பார்க்கும்படி கட்டப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் சில இன்றும் ஹர்ஸ்ட் தெருவில் காட்சிசாலையாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. முற்றத்தில் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவாக ஒரு துணி வெளுக்கும் அறை. அதன் அருகே பொதுக் கக்கூஸ்கள். அவற்றுக்கு எட்டும் தூரத்திலேயே பல இடங்களில் குடிதண்ணீர்க் கிணறு. நகரத்து ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இத்தகைய கிணற்று நீரையே நம்பியிருந்தார்கள். குழாய்த் தண்ணீரைத் தனியார் கம்பெனி ஒன்று விற்றுவந்தது. அதுவும் வாரத்தில் மூன்று நாட்களே வந்தது. விஷஜுரமும் அம்மையும் வந்து ஒரு குடும்பத்தின் சம்பாத்தியக்காரனைக் கொண்டுபோனால், மருந்துச் செலவும் சவச் செலவும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்தன. விதவையும் குழந்தைகளும் தர்ம விடுதிக்குப் போனால் அது வேறொரு ஸ்தாபனத்தின் கணக்கில் எழுதப்பட்டது. நகரசபையின் பேரேட்டில் மட்டும் எல்லாம் சுபிக்ஷமாகவே இருந்தது.

இரண்டாமவர் ஜோசப் சேம்பர்லேன். தோல் செருப்பு வியாபாரக் குடும்பத்தில் 1836-ல் லண்டனில் பிறந்தவர். பதினெட்டாவது வயதில், தகப்பனார் முதல் போட்ட ஒரு புதிய தொழிலைக் கண்காணிப்பதற்காகப் பர்மிங்காமுக்கு அனுப்பப்பட்டவர். தொழில் திருகாணி செய்வது. அதற்கு முன்பு மரத்தில் முடுக்கிவந்த திருகாணிகளுக்கு நுனி மழுங்கலாக இருக்கும். தச்சன் ஆணியின் முழு நீளத்துக்கும் தமரிட்டுத் துளை போட்டால்தான் அது உள்ளே இறங்கும். நுனியைக் கூராகவே சீவித் தள்ளும் இயந்திரம் ஒன்றை அமெரிக்கர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதன் பேட்டண்ட் உரிமையை இவருடைய மாமா நெட்டில்ஃபோல்ட் விலைகொடுத்து வாங்கி, ஸ்மெத்விக்கில் ஆலை வைத்தார். நம் நாட்டுத் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக ஜி.கே.டபிள்யூ. என்று பெட்டியின் மேல் பார்த்துக் கேட்டு வாங்கிய திருகாணி இந்த ஆலையின் வம்சத்தில் வந்ததுதான்.

இயந்திரத்தைப் பழக்குவது மாமாவின் மக்களுடைய வேலையாக இருந்தது. கணக்கும் விற்பனையும் சேம்பர்லேனுடையவை. ஒரு குரோஸ் திருகாணிக்கு அடக்க விலை என்ன, அந்த அடக்கத்தில் கம்பிக்கு எவ்வளவு, நிலக்கரிக்கு எவ்வளவு, ரயில் கூலிக்கு எவ்வளவு என்று பெனியில் ஒரு பின்னம்வரை பிரித்துப் பார்த்து, எங்கே குறைக்க முடியுமோ அங்கெல்லாம் குறைத்தவர் அவர். பழைய பாணியில் கைப்பட்டறை வைத்துப் பிழைத்துவந்த சிறிய உற்பத்தியாளர்களுக்கு அந்த விலையோடு போட்டியிடச் சக்தியில்லை. சிலர் தொழிலை இவரிடமே விற்றார்கள், சிலர் மூடினார்கள். முடிவில் இங்கிலாந்தில் செய்யப்படும் திருகாணியில் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. 1874-ல் தொழிலை விட்டு விலகியபோது அவருடைய பங்குக்கு 1,20,000 பவுன் கிடைத்தது. இரக்கமில்லாத சாமர்த்தியம் என்று சொன்னாலும் தவறில்லை. செலவைக் குறைப்பதில் ஆல்டேயின் சகாக்கள் அனைவரும் சேர்ந்தும் இவருடைய கால் தூசு பெறமாட்டார்கள்.

இப்படிப்பட்டவர் 1869-ல் நகரசபை அங்கத்தினராகி, 1873 நவம்பரில், முப்பத்தேழாவது வயதில் மேயரானார். ஒற்றைக் கண்ணாடியும் மழுமழுவென்று சவரம் செய்த முகமுமாக அவர் வந்து உட்கார்ந்தபோது, வரி குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்திருக்கலாம். அவர் செய்ததோ, பதவியேற்ற சில வாரங்களுக்குள், ஏறக்குறைய இருபது லட்சம் பவுன் கடன் வாங்கவேண்டுமென்று யோசனை சொன்னதாகும்.

இந்த இடத்திலேதான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. சில்லறைக் கடைக்காரரின் சிக்கனம் ரொக்கத்தைப் பற்றியது: இன்று பெட்டியிலிருந்து வெளியே போகாத காசு லாபம். ஆலைக்காரரின் சிக்கனம் அடக்க விலையைப் பற்றியது: இன்று முப்பதாயிரம் பவுனை ஓர் இயந்திரத்தில் போட்டால், பத்து வருஷத்தில் ஒவ்வொரு குரோஸிலும் எத்தனை பெனி குறையும் என்பது அவர் கேள்வி. முதலாவது மனோபாவத்துக்குக் கடன் என்றாலே பயம். இரண்டாவதற்கு, வட்டி எவ்வளவு, வரவு எவ்வளவு என்பதே முக்கியம். சேம்பர்லேன் நகரத்துக்குக் கொண்டுவந்தது இந்த இரண்டாவது கணக்கு. அதை அவர் வியாபாரத்தில்தான் கற்றார் என்பதை நாம் மறுக்கக் கூடாது. பொதுஜன சேவைக்கு வியாபாரப் பயிற்சி பிரயோசனமில்லை என்று வாதிப்பவர்களும் இவருடைய கதையைப் படித்துத் தங்கள் அபிப்பிராயத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

நகரத்தில் வாயு விளக்குக்கு இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஒன்றுக்கொன்று போட்டியென்று பெயர். நடைமுறையில், ஒன்று தன் குழாயைப் பதிக்கத் தெருவை வெட்டி மூடிவிட்டுப் போனதும் மற்றொன்று வந்து அதே தெருவை மறுபடி வெட்டும். இரண்டையும் நகரசபையே வாங்கிவிடவேண்டுமென்றார் மேயர். கம்பெனிப் பங்குதாரர்கள் எதிர்பார்க்கும் லாப விகிதத்தைவிட மிகக் குறைந்த வட்டிக்கு நகரசபை கடன் வாங்க முடியும். அந்த வித்தியாசம் ஒன்றே வருஷாவருஷம் நகரத்துக்கு மிச்சம். இரட்டை நிர்வாகம் ஒன்றாவதால் வருவது வேறு. அங்கத்தினர்கள் ஏறக்குறைய ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். தயங்கிய வரிகொடுப்போருக்கு அவர் சொன்ன பதில், நகரத்துக்கு வேண்டாமென்றால் நானே என் சொந்தப் பொறுப்பில் வாங்கிக்கொள்கிறேன் என்பது. திருகாணிச் சந்தையை விழுங்கியவர் அப்படிச் சொல்லும்போது அது வெறும் பேச்சல்ல என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 19,53,050 பவுனுக்குக் கிரயம் முடிந்தது. முதல் வருஷத்திலேயே 34,000 பவுன் லாபம் நின்றது. பின்னாளில் அந்த நகரத்தின் சித்திரசாலை வாயு இலாகாவின் கட்டடத்துக்கு மேல்மாடியாகவே எழும்பிற்று. அடுப்பிலும் விளக்கிலும் எரிந்த வாயுவின் லாபம் ஓவியங்களுக்குக் கூரையாயிற்று.

தண்ணீர் விஷயத்தில் அவர் வேறு பிரமாணத்தைக் கைக்கொண்டார். இதுதான் எனக்கு அவரிடம் எல்லாவற்றிலும் அதிகமாகப் பிடித்தது. இந்த யோசனை அவருக்கே சொந்தமென்று சொல்ல முடியாது. நம் ஊர் மளிகைக் கடைகளில் பெயர் பொறித்த தராசாக நாம் அறிந்திருக்கும் ஏவரி கம்பெனியைச் சேர்ந்தவரும், மேயராக இருந்தவருமான தாமஸ் ஏவரி அதை முன்பே எடுத்துக் கூறியிருந்தார். ஆனால் பார்லிமெண்ட் கமிட்டியின் முன்னால் போய் நின்று, தண்ணீரில் ஒரு காசும் லாபம் வைக்கும் உத்தேசம் நகரசபைக்கு இல்லையென்றும், ஜனங்களின் சௌகரியமும் ஆரோக்கியமுமே அதற்குரிய லாபமென்றும், தயங்காமல் சொன்னவர் சேம்பர்லேன். 13,50,000 பவுன் கொடுத்து 1876 ஜனவரியில் தண்ணீர்க் கம்பெனி வாங்கப்பட்டது. வாயு என்பது வசதியுள்ளவன் அதிகமாக வாங்கும் சரக்கு, அதில் லாபம் வைக்கலாம். தண்ணீர் இல்லாமல் எவனும் உயிர் வாழ முடியாது, ஆகையால் அதில் மிஞ்சுவது தண்ணீரின் விலையைக் குறைப்பதற்கே போகவேண்டும். ஒரே மனிதர், ஒரே மேஜையில், இரண்டு குழாய்களுக்கு இரண்டு விதமான கணக்குப் போட்டார். இன்றைக்கு எதையும் ஒரே வாய்பாட்டினால் அளந்து 'நஷ்டத்தில் ஓடுகிறது' என்று முத்திரை குத்தும் நிபுணர்களில் எத்தனை பேருக்கு இந்த விவேகம் இருக்கிறதென்று நான் யோசிப்பதுண்டு.

அவருக்குப் பின்னணியாகச் சில பாதிரிமார்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குத் துரோகம். ஜார்ஜ் டாசன், டேல், கிராஸ்கி முதலியவர்கள் பிரசங்க பீடத்திலிருந்தே நகரசபைத் தொண்டைப் புண்ணிய காரியமாக உபதேசித்து, வசதி படைத்த தொழிலதிபர்களை வெட்கப்படுத்தி அரசியலுக்கு இழுத்துவந்தார்கள். கம்பெனி நடத்தத் தெரிந்ததனால் மட்டும் சேம்பர்லேன் தண்ணீரில் லாபம் வேண்டாமென்று சொல்லிவிடவில்லை. கம்பெனி நடத்தும் பயிற்சியில் அந்த வாக்கியத்துக்கு இடமே கிடையாது. கணக்கை அவருக்குத் தொழில் கொடுத்தது. எந்தக் கணக்கை எங்கே நிறுத்தவேண்டும் என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தடுப்பு இல்லாத இடத்தில் பழைய ஆலைக்காரர் மறுபடி வெளியே வந்துவிட்டார் என்பதற்குச் சாட்சி நகரத்தின் மத்தியிலுள்ள கார்ப்பொரேஷன் வீதி. 1875-ஆம் வருஷத்துத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தின் பலத்தைக் கொண்டு, நெருக்கமான சேரிப் பகுதிகளை விலைக்கு வாங்கி இடித்துவிட்டு, அகலமான ஒரு ராஜவீதி போடுவதென்று திட்டமாயிற்று. மேயர் தம் கையிலிருந்து 10,000 பவுன் போட்டார். நிலத்தை விற்காமல் 75 வருஷக் குத்தகைக்கு விட்டு, கெடு முடிந்ததும் நிலமும் அதன்மேல் எழுந்த மாளிகைகளும் நகரத்துக்கே திரும்பிவரும்படி செய்தது தீர்க்கதரிசனமான ஏற்பாடு. கடைகளும் காரியாலயங்களும் நீதிமன்றமும் எழும்பின. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போவது? நகரசபையே வீடு கட்டிக் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று கமிட்டி தீர்மானித்தது. சட்டத்தின் பெயரில் தொழிலாளர்கள் இருந்தார்கள், திட்டத்தின் பலனில் அவர்கள் இல்லை. ரைடர் தெருவில் இருபத்திரண்டு சிறு வீடுகள் நகரசபையால் கட்டப்பட்டதற்கு ஏறக்குறைய 1890 வரையில் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்தப் பகுதியில் ஆயிரத்துக்கு 53 ஆக இருந்த மரண விகிதம் சில வருஷங்களில் 21 ஆகக் குறைந்ததென்று பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள். சாகக்கூடியவர்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்ட தெருவில் சாவு குறைவது அதிசயமா? அவர்கள் பக்கத்துப் பேட்டைகளில் போய் நெருக்கியடித்துக்கொண்டு குடியேறினார்கள். அங்கே ஏறிய எண்ணிக்கை இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆலையொன்றில் கட்டுப்படியாகாத சரக்கைச் செய்வதை நிறுத்திவிடலாம். கட்டுப்படியாகாத வாடிக்கைக்காரனுக்குக் கதவைச் சாத்தலாம். நகரத்துக்கு அந்த வசதி இல்லை. கட்டுப்படியாகாதவன் தெருவின் மறுகோடியில் வந்து நிற்பான். ஆல்டே இதை மறந்தார். கார்ப்பொரேஷன் வீதி விஷயத்தில், ஆல்டேயைவிடப் பலமடங்கு அறிவாளியான சேம்பர்லேனும் மறந்தார்.

1876 ஜூனில் அவர் பார்லிமெண்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிந்திய சரித்திரம் வேறு. கோட்டில் ஆர்க்கிட் புஷ்பம் செருகிய ஏகாதிபத்திய மந்திரியாக, போயர் யுத்தத்தின் கர்த்தாக்களில் ஒருவராக அவர் உலகப் பிரசித்தி பெற்றார். தமிழர்கள் அவரைச் சந்தித்ததும் அந்த வேஷத்தில்தான். 1902 டிசம்பரில் அவர் டர்பனுக்கு வந்தபோது, காந்தியடிகள் மகஜர் எழுதிக்கொண்டு இந்தியர்களின் தூதுகோஷ்டியோடு போய்க் கண்டார்; நேட்டால் இந்தியர்களில் சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள் ஏராளம். சுயாட்சிபெற்ற காலனிகளின்மேல் தமக்கு அதிகாரம் குறைவென்றும், ஐரோப்பியர்களோடு சமாதானமாகப் போய்விடுவதே நல்லதென்றும் விறைப்பாகப் பதில் வந்தது. முன்பு பர்மிங்காம் முற்றத்துக் கிணற்றை எட்டிப்பார்த்த கண்ணுக்கு நேட்டாலின் கரும்புத் தோட்டம் படவில்லை. மேயரை மெச்சுவதற்காக மந்திரியை மன்னிக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை.

இவ்வளவு பழங்கதை இன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பர்மிங்காம் நகரசபை 2023 செப்டம்பர் 5-ந் தேதி, அத்தியாவசியமல்லாத புதுச் செலவு எதையும் செய்ய இயலாதென்று சட்டப்படி அறிவிப்பு வெளியிட்டதை ஞாபகப்படுத்துகிறேன். நடைமுறையில் அதற்குத் திவால் என்று அர்த்தம். மத்திய அரசாங்கம் அனுப்பிய கமிஷனர்கள் அதே வருஷம் அக்டோபரில் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த இரண்டு வருஷங்களுக்கு முப்பது கோடி பவுன் வெட்டு. 2024-ல் வரி ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து ஏறிற்று, மறு வருஷம் மேலும் ஏழரை. இந்தச் சங்கடத்துக்கு ஒரு காரணம், கணக்கு வைப்பதற்காகவே வாங்கிய ஆரக்கிள் கம்ப்யூட்டர் ஏற்பாடு, ஒழுங்காக வேலை செய்யாமல், திட்டமிட்டதைப்போலப் பல மடங்கு பணத்தை விழுங்கியது. ஊதாரித்தனத்துக்கு உதாரணம் வேண்டுவோர் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

மற்றொரு காரணத்தின்மேல்தான் என் கருத்து அதிகமாகச் செல்கிறது. குப்பை அள்ளுதல், தெருப் பெருக்குதல் முதலிய ஆண்கள் மிகுந்த வேலைகளுக்குப் போனஸ் என்று வழங்கப்பட்ட மேற்படிகள், அதே தரத்திலிருந்த சமையற்காரிகளுக்கும் துப்புரவுப் பெண்களுக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் பெண்களுக்கும் பல வருஷங்களாக மறுக்கப்பட்டு வந்தன. ஒவ்வொரு வருஷத்து வரவுசெலவிலும் அது ஒரு மிச்சமாகவே தோன்றியிருக்கும். எந்தத் தணிக்கையாளரும் அதைப் பார்த்து முகம் சுளித்திருக்கமாட்டார். 2012-ல் அந்தப் பெண்களின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஜயித்தது. அதையும் அதைப்போன்ற மற்ற வழக்குகளையும் தீர்ப்பதற்கு நகரசபை 2023 வரையில் கொடுத்த தொகை நூற்றுப்பத்துக் கோடி பவுனை ஒட்டி நின்றது. அதற்காகவே 2015-ல் தன்னுடைய பெரிய கண்காட்சி மண்டபங்களையும் விற்றது. அந்தப் பெண்களிடம் பிடித்த மிச்சம், பிகாட் ஸ்மித்தின் சம்பளத்தில் பிடித்த மிச்சத்தைப் போலவே, வக்கீல்களோடு கூடத் திரும்பிவந்தது.

கமிஷனர்களும் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட நகரசபையும் செலவைக் குறைக்கும் சமர்த்தர்கள் இக்காலத்தில் செய்யக்கூடியதையே செய்துவருகிறார்கள்: நூல்நிலைய நேரத்தைச் சுருக்குவது, தெரு விளக்கை மங்கலாக்குவது, கட்டடங்களை ஏலத்துக்குக் கொண்டுவருவது. குப்பை வண்டியில் பணிபுரிவோரில் ஒரு பிரிவினரின் உத்தியோகப் பதவியையே எடுத்துவிட்டபோது, அவர்களுடைய சம்பளம் குறைகிறதென்று தொழிற்சங்கம் 2025 மார்ச்சில் முழு வேலைநிறுத்தம் தொடங்கிற்று. சில வாரங்களில் பதினேழாயிரம் டன் குப்பை தெருவோரங்களில் குவிந்து, எலிகள் பகலிலேயே நடமாட, நகரசபை அதைப் பேராபத்தென்று அறிவிக்கவேண்டி வந்தது.

அந்தக் கமிஷனர்களை நான் ஆல்டேயோடு ஒப்பிடப்போவதில்லை. அவர்களுக்கு முன்னால் சேம்பர்லேனுக்கிருந்த வழியும் திறந்திருக்கவில்லை. அவர் இருபது லட்சம் பவுன் கொடுத்து வாங்கிய வாயு இலாகா 1949-ல் தேசிய உடைமையாகி நகரத்தின் கையைவிட்டுப் போயிற்று. தண்ணீர் இலாகா 1974-ல் செவர்ன் டிரென்ட் பிராந்திய ஸ்தாபனத்துக்கு மாற்றப்பட்டு, 1989-ல் பங்குதாரர்களின் கம்பெனியாயிற்று. லாபம் வைக்கமாட்டோம் என்று பார்லிமெண்ட் கமிட்டியின் முன்னால் வாக்குக் கொடுத்து வாங்கிய அதே தண்ணீரின்மேல் இன்று டிவிடெண்டு வழங்கப்படுகிறது. வரவு தரும் குழாய்களெல்லாம் போய், முதியோர் பராமரிப்பும் அனாதைக் குழந்தைகளின் பாதுகாப்பும் போன்ற, எந்த ஆலைக்காரராலும் அடக்க விலையைக் குறைக்க முடியாத கடமைகள் மட்டும் நகரசபையிடம் மிஞ்சியிருக்கின்றன. திறமைசாலியான ஒரு கம்பெனி நிர்வாகியை அங்கே மேயராக்கவேண்டும் என்று யோசனை சொல்கிறவர்கள், அவர் வந்து வாங்குவதற்கு அந்த நகரத்தில் என்ன இருக்கிறது, கடன் வாங்க அவருக்கு எவ்வளவு அனுமதி உண்டு என்பதையும் கூடவே சொன்னால் உபகாரமாக இருக்கும்.